தெர்மாகோல் பெட்டியும் அடைகோழியும்

கோழிக்குஞ்சு பொரிக்க வச்ச கதை இது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க. நடுவுல கரி அடுப்பு பத்தி ஒரு எச்சரிக்கை வரும். வேற எதைத் தாண்டிப் போனாலும் அதைத் தாண்டிப் போயிடாதீங்க.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு தாலுகா மருத்துவமனையில் டாக்டர். படிப்பு எம்பிபிஎஸ். வீட்டில் ஏழு நாட்டுக்கோழி, ஒரு சேவல். அந்தச் சேவல் விடியக்காலை நாலு மணிக்குக் கூவும். நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து பகல்ல படுத்தாலும் கூவும். அது தனிப் பஞ்சாயத்து.

கோழியெல்லாம் அம்மா பொறுப்பு. ஒரு நாள் சந்தையில் மீன் வாங்கிட்டு வந்த தெர்மாகோல் பெட்டி சும்மா கிடந்தது. யூடியூப்ல பார்த்து அதை இன்குபேட்டர் ஆக்கிட்டேன். உள்ளே ரெண்டு 40 வாட் குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டர் ஃபேன், ஒரு தட்டில் தண்ணீர், சூடு பார்த்து பல்பை அணைத்துப் போடும் சின்னக் கன்ட்ரோலர். மூடியில் ஒரு கண்ணாடித் துண்டு. மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய்க்குள்ள.

அம்மா பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "சரி தாயி, எந்திரம் குஞ்சு பொரிச்சிரும். பொறவு எந்திரமா அதுகளைக் கூட்டிட்டுப் போயி மேய்க்கும்?"

அந்த வாரமே எங்க சிறுவிடைக் கோழி ஒண்ணு அடைக்கு உட்கார்ந்திருச்சு. முட்டை இடுறதை நிறுத்திட்டு, கூடையை விட்டு நகராம, கிட்ட போனா இறக்கையை உப்பிக்கிட்டு 'கொர்ர்ர்'னு உறுமும். அதுதான் அறிகுறி. "நீ உன் பொட்டியில வை, நான் என் கோழியில வைக்கிறேன், பார்ப்போம்"னு அம்மா சொன்னாங்க. போட்டி ஆரம்பம். என் பெட்டியில் 22 முட்டை. மறுநாள் அம்மாவின் கோழிக்கு அடியில் 11. ஒற்றைப்படையில்தான் வைக்கணுமாம்.

முட்டை எடுக்கும்போதே எனக்கு முதல் திட்டு விழுந்தது. டாக்டர் புத்தி, சோப்புத் தண்ணி வச்சுக் கழுவப் போனேன். அம்மா கையைத் தட்டி விட்டாங்க. காரணம் அவங்களுக்குச் சொல்லத் தெரியலை, ஆனா அவங்க செஞ்சதுதான் சரி. முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. கோழி இடும்போதே அதன் மேல் மெல்லிய பூச்சு ஒன்றும் சேர்ந்து வரும். கழுவினால் அந்தப் பூச்சு போய், கிருமி உள்ளே இறங்க வழி கிடைக்கும். அடைக்கு வைக்கும் முட்டையில் அழுக்கு இருந்தால் அதை ஒதுக்கிடுங்க, கழுவாதீங்க. ஃபிரிட்ஜில் வச்சதும் வேண்டாம். கூர்முனை கீழே இருக்கிற மாதிரி நிழலான இடத்தில் வச்சு, இட்டு ஒரு வாரத்துக்குள்ள அடை வச்சா நல்லா பொரியும்.

பெட்டியில் சூடு 37.7 டிகிரி செல்சியஸ். நம்ம உடம்புச் சூட்டை விட ஒரு நூல் அதிகம், அவ்வளவுதான். முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். தினம் மூணு தடவை திருப்பணும். அந்த டியூட்டி என் மகளுக்கு. அவளுக்கு ஆறு வயசு. திருப்பாவிட்டால் உள்ளே வளரும் கரு ஓட்டின் உள்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். கோழிக்கு இதை யாரும் சொல்லித் தரலை. அது நாள் முழுக்க அலகால் முட்டைகளை உருட்டிக்கிட்டே இருக்கு. நடுவில் இருப்பதை ஓரத்துக்கும், ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் மாற்றுது.

முதல் நாள் ராத்திரி கண்ணாடி வழியா எட்டிப் பார்த்துட்டு மகள் கேட்டாள். "அம்மா, நானும் இந்த மாதிரி பொட்டியிலதான இருந்தேன்?"

ஆமா. 33 வாரத்தில் பிறந்தவள் அவள். எடை 1.6 கிலோ. போட்டோ காட்டியிருக்கேன், அதை ஞாபகம் வச்சுக் கேட்டாள். "ஆமா பாப்பா"னு சொல்லிட்டுப் பேச்சை மாத்திட்டேன். அந்தப் பேச்சுக்கு அப்புறம் வரேன்.

அம்மாவின் ஏற்பாட்டைச் சொல்லணுமே. அகலமான மூங்கில் கூடை, அடியில் மணல், மேலே வைக்கோல், நாலு கொத்து வேப்பிலை. ஓரத்தில் ஒரு கரித்துண்டு, ஒரு துருப்பிடிச்ச இரும்பு ஆணி. இடி இடிச்சா முட்டை கெட்டுப் போகாம இருக்க ஆணியாம். ஆணிக்கு நான் சிரிச்சேன், வேப்பிலைக்குச் சிரிக்கலை. அடைகோழிக்குப் பெரிய எதிரி பேன்தான். பேன் கடி தாங்காம கோழி பாதியிலேயே அடையை விட்டு எந்திரிச்சுப் போறது உண்டு.

ஒரு நாள் அது தீனிக்கு இறங்கினப்ப தூக்கிப் பார்த்தேன். அடிவயிற்றில் இறகே இல்லை. வெறும் தோல், சிவந்து போய், கை வச்சா கொதிக்குது. இறகு இருந்தா சூடு முட்டைக்கு இறங்காது இல்லையா? இறகு குளிரை மறைக்கத்தானே இருக்கு. அதனால அடை காக்கிற காலத்தில் அந்த இடத்து இறகு உதிர்ந்து, ரத்த ஓட்டம் கூடி, தோல் நேரா முட்டை மேல படியுது. இந்த வேலையெல்லாம் செய்யும் ஹார்மோன்களில் முக்கியமானது புரோலாக்டின். பிரசவித்த தாய்க்குப் பால் சுரக்கச் செய்யும் அதே புரோலாக்டின்தான்.

ஒரு நாளைக்கு ஒரு தடவை, கால் மணி நேரம் போல இறங்கும். தீனி, தண்ணி, ஒரு பெரிய எச்சம் (நாத்தம் தாங்காது), மண்ணில் ஒரு புரளல். அப்புறம் ஓட்டமா ஓடி வந்து உட்கார்ந்திரும். அந்தக் கால் மணி நேரம் முட்டை ஆறினா ஒண்ணும் ஆகாது. முட்டை கொஞ்ச நேரம் குளிர்வதைத் தாங்கும். அதிகச் சூட்டைத்தான் தாங்காது. இதை நான் புத்தகத்தில் படிச்சிருந்தேன். புரிஞ்சுக்கிட்டது பதினோராம் நாள்.

அதுக்கு முன்னால ஏழாம் நாள் சந்தோஷத்தைச் சொல்லிடறேன். லைட்டை அணைச்சுட்டு மொபைல் டார்ச் மேல முட்டையை வச்சுப் பார்த்தோம். உள்ளே சிலந்தி வலை மாதிரி ரத்தக் குழாய்கள், நடுவில் ஒரு கரும்புள்ளி. உத்துப் பார்த்தா துடிக்குது. நான் எத்தனையோ ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்தவள்தான். இருந்தாலும் அன்னைக்கு மூணு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பார்த்தோம். வலையே இல்லாம விளக்கு மாதிரி பளிச்சுனு இருந்தவை நாலு. கூமுட்டை. ஸ்கூல்ல வாத்தியார் திட்டுவாரே, அதே கூமுட்டைதான். எடுத்துட்டேன். மீதி 18. அம்மாவின் கோழியில் கூமுட்டை ஒண்ணு.

பதினோராம் நாள் எனக்கு நைட் டியூட்டி. கிளம்பும் அவசரத்தில் தட்டில் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றும்போது கை பட்டு சென்சார் ஒயர் நழுவித் தண்ணீர்த் தட்டுக்குள் விழுந்திருக்கு. நான் கவனிக்கலை. தண்ணீர் குளிர்ச்சியா இருந்ததால் கன்ட்ரோலர் 'சூடு பத்தலை'ன்னு நினைச்சு ராத்திரி முழுக்க பல்பை எரிய விட்டிருக்கு. காலையில் வந்து பார்த்தா கன்ட்ரோலர் திரையில் நல்ல பிள்ளை மாதிரி 37-ஐ ஒட்டிய எண். உள்ளே தனியா கிடந்த தெர்மாமீட்டரில் 41-க்கு மேல.

டார்ச் வச்சுப் பார்த்தேன். பதினாலு முட்டையில் அசைவு இல்லை. பல்புக்குத் தூரமா, மூலையில் இருந்த நாலில் மட்டும் உயிர் இருந்தது.

இதில் என்னை ரொம்பக் குத்தினது எது தெரியுமா? இந்தத் தப்பு எனக்குப் புதுசு இல்லை. பச்சிளம் குழந்தையைப் படுக்க வைக்கும் வார்மரில் இதே ஏற்பாடுதான். குழந்தையின் வயிற்றில் ஒரு புரோப் ஒட்டுவோம். அது தோலின் சூட்டை எடுத்துச் சொல்ல, மெஷின் அதுக்குத் தக்கபடி சூட்டைக் கூட்டும் குறைக்கும். புரோப் கழன்று விழுந்தால் மெஷினுக்குக் குழந்தை குளிர்ந்து போனதாகத் தோன்றும், மேலும் மேலும் சுடும். அதனாலதான் அலாரம் இருந்தாலும் செவிலியர்கள் திரும்பத் திரும்ப வந்து குழந்தையைத் தொட்டுப் பார்ப்பார்கள், தனியாகத் தெர்மாமீட்டர் வைப்பார்கள். புதுசா வர ஒவ்வொரு ஹவுஸ் சர்ஜனுக்கும் நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கேன்.

அன்னைக்கு அம்மா ஒரு வார்த்தை குத்திக் காட்டலை. "போகட்டும் விடு, ஒறங்கு"ன்னாங்க. குழி வெட்டினது மகள்.

பதினெட்டாம் நாளோட முட்டை திருப்புவதை நிறுத்திடணும். ஈரப்பதத்தைக் கூட்டணும், பெட்டியைத் திறக்கக் கூடாது. இருபதாம் நாள் முட்டைக்குள்ள இருந்து சத்தம் வர ஆரம்பிச்சுது. பொரிக்கும் முன்னாலேயே குஞ்சு கத்தும். அம்மாவின் கோழிக்கு மறுநாள் அதே சத்தம் வந்தப்ப, அது அடித்தொண்டையில் பதில் குரல் கொடுத்துக்கிட்டு இருந்தது. என் பெட்டியில் பதில் சொல்ல ஃபேன் மட்டும்தான்.

மூணு முட்டையில் ஓடு விரிசல் விட்டது. குஞ்சின் அலகு நுனியில் சின்னதா ஒரு கூர்ப்பு இருக்கும், அதை வச்சுத்தான் உடைக்கும். ஒரு ஓட்டை போட்டுட்டு அப்படியே நின்னுடும். மணிக்கணக்கா அசைவே இருக்காது. ரெண்டு குஞ்சு தானா வெளியே வந்தாச்சு. மூணாவது பத்து மணி நேரமா ஓட்டையோட அப்படியே இருக்கு. எனக்குப் பொறுக்கலை. பதினாலு போன துக்கம் வேற. ஃபோர்செப்ஸ் எடுத்து ஓட்டை மெல்ல உரிச்சேன். ரெண்டாவது துண்டிலேயே ரத்தம்.

அந்தப் பத்து மணி நேரம் குஞ்சு சும்மா இல்லை. முட்டைக்குள் அதுவரை ஓட்டை ஒட்டிய சவ்வின் ரத்தக் குழாய்கள்தான் அதற்கு நுரையீரல். ஓட்டை போட்டு நேரா காற்றை இழுக்கப் பழகினதும், அந்தச் சவ்வில் இருக்கும் ரத்தம் மெல்ல உடம்புக்குள் திரும்பும். மிச்சம் இருக்கும் மஞ்சள் கருவும் தொப்புள் வழியா வயிற்றுக்குள் போகும். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் ஓட்டைச் சுற்றி வெட்டிக்கிட்டு வெளியே வரும். இதற்கு 12 மணி நேரம், சில சமயம் ஒரு முழு நாள் கூட ஆகும். நான் நடுவில் புகுந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்த குழாயைக் கிழிச்சுட்டேன். அரை மணி நேரத்தில் குஞ்சு செத்துப் போச்சு. நாலாவது முட்டை பொரியவே இல்லை.

பிரசவ அறையில் குழந்தை நல்லா அழுதால் கொடியை உடனே வெட்டாதீங்க, ஒரு நிமிஷமாவது பொறுங்கன்னு ஜூனியர்கிட்ட சொல்றவள் நான். அந்த ஒரு நிமிஷத்தில் நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேரும். அங்கே பொறுக்கத் தெரிந்த கைக்கு இங்கே பொறுக்கத் தெரியலை.

ஆக 22 முட்டைக்கு என் கணக்கில் ரெண்டு குஞ்சு. அம்மாவின் கோழி 11-க்கு ஒன்பது.

அம்மா அன்னைக்கு ராத்திரி டார்ச் கூட அடிக்காம போய், என் ரெண்டு குஞ்சையும் கோழியின் இறக்கைக்கு அடியில் சொருகிட்டாங்க. இருட்டில் வைக்கணும், அதுவும் பொரிச்ச ஓரிரு நாளைக்குள்ள வைக்கணும். கோழி ஒரு உறுமு உறுமிட்டு நகர்ந்து இடம் கொடுத்தது. விடிஞ்சு பார்த்தா பதினோரு குஞ்சு. எது எந்திரத்துக் குஞ்சுன்னு இப்ப வரைக்கும் எனக்குத் தெரியலை.

எல்லார் வீட்டிலும் அடைகோழி இருக்காது. கடையில் ஒரு நாள் குஞ்சு வாங்கி வளர்க்கிறவங்க நிறைய. அவங்களுக்காகச் சில விஷயம்.

குஞ்சு மேல இருப்பது பஞ்சு மாதிரி ரோமம், இறகு இல்லை. முதல் ரெண்டு வாரம் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள அதுக்குத் தெம்பு கிடையாது. முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 35 டிகிரி இருக்கணும். அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி போலக் குறைச்சுக்கிட்டே வரலாம். குண்டு பல்புதான் போடணும். எல்இடி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. 'லைட் போட்டும் குஞ்சு செத்துப் போச்சு'ன்னு சொல்ற ரெண்டு வீட்டில் பார்த்தேன், ரெண்டிலும் எல்இடி.

தெர்மாமீட்டர் இல்லேன்னா குஞ்சையே பாருங்க. பல்புக்கு அடியில் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குவிஞ்சு கத்தினா குளிருது. பல்பை விட்டு விலகி, வாயைத் திறந்து, இறக்கையை விரிச்சுக்கிட்டு நின்னா சூடு அதிகம். ஒரே மூலையில் ஒதுங்கினா எங்கேயோ காத்து அடிக்குது. பரவலா படுத்துத் தூங்கினா சரி, நீங்களும் போய்த் தூங்குங்க.

தரையில் வழுவழுப்பான நியூஸ்பேப்பர் மட்டும் விரிக்காதீங்க, கால் வழுக்கி ரெண்டு பக்கமும் விரிஞ்சு போகும். உமி அல்லது சாக்கு போடுங்க. தண்ணித் தட்டில் நாலு கூழாங்கல் போட்டு வைங்க, இல்லேன்னா மூழ்கிச் சாகும். பொரிச்சதும் ஏன் தின்ன மாட்டேங்குதுன்னு பதறாதீங்க. வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு ரெண்டு நாளைக்குத் தாங்கும். முதலில் தண்ணி காட்டுங்க, அப்புறம் நொய்யோ உடைச்ச கம்போ.

இப்ப அந்த எச்சரிக்கை. கரண்ட் போனா குஞ்சுக்குச் சூடு வேணும்னு சட்டியில் கரி மூட்டி வைக்கிற பழக்கம் உண்டு. பெரிய கொட்டகையில், காத்து போக வர இடம் இருக்கிற இடத்தில் அனுபவம் உள்ளவங்க செய்வாங்க. நீங்க படுக்கிற அறையில் குஞ்சுப் பெட்டியையும் கரிச்சட்டியையும் வச்சுக் கதவைச் சாத்திட்டுத் தூங்கவே கூடாது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிச் செல்லும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிச்சுக்கும். முதலில் தலைவலி, குமட்டல், அப்புறம் அசதி. தூக்கம் வருதுன்னு நினைச்சுத் தூங்கிடுவாங்க, எந்திரிக்க மாட்டாங்க. எங்க மாவட்டத்தில் கொடைக்கானல் குளிருக்கு அறைக்குள் கரி மூட்டிட்டுப் படுத்து இறந்தவங்க செய்தியை நீங்களே படிச்சிருப்பீங்க.

இன்னொண்ணு. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இதில் பொய் சொல்லும். கார்பன் மோனாக்சைடு ஒட்டின ரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள ரத்தமாகவே எடுத்துக்கிட்டு 98, 99-னு காட்டும். அதை நம்பி வீட்டில் வச்சுக்கிட்டு இருக்காதீங்க. ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்துட்டு வாங்க, 108-க்குப் போன் பண்ணுங்க. கரண்ட் போனா குஞ்சுக்கு ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுத்தி நடுவில் வச்சாலே போதும்.

சின்னப் பிள்ளைங்க குஞ்சை எடுத்து முத்தம் கொடுக்கும். பார்க்க அழகுதான். ஆனா நல்லா இருக்கிற குஞ்சின் எச்சத்திலேயும் சால்மோனெல்லா இருக்கலாம். ஐந்து வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு அது ரத்த பேதி வரைக்கும் போகும். விளையாடட்டும், முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். முத்தம் மட்டும் வேண்டாம்.

சரி, பாக்கி வச்ச பேச்சுக்கு வரேன்.

அந்தக் குஞ்சுகள் பொரிச்ச வாரம் எங்க வார்டுக்கு ஒரு குழந்தை வந்தது. (அடையாளம் தெரியாதபடி சில விவரம் மாத்தியிருக்கேன்.) 1.7 கிலோ. பெரிய ஆஸ்பத்திரியில் சில நாள் வச்சுப் பார்த்து, மூச்சு, பால் குடிக்கிறது எல்லாம் சரியானதும் எங்ககிட்ட அனுப்பினாங்க. இனி எடை ஏறணும், அதுக்குக் கங்காரு பராமரிப்பு. அதாவது துணி இல்லாம குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் தோலோடு தோலாகச் சேர்த்து, மேலே துணியால் கட்டி, முடிந்த மட்டும் நாள் முழுக்க வச்சிருக்கணும்.

மாமியார் பிடிவாதமா மறுத்துட்டாங்க. "அங்க கண்ணாடிப் பொட்டியில வச்சிருந்தாக டாக்டரம்மா. இங்க பொட்டி இல்ல, அதான் எம் மருமக நெஞ்சுல கட்டச் சொல்றீக. நாங்க இல்லாதபட்டவுகன்னுதான?"

எனக்குக் கோபம் வரலை. ஏன்னா ஆறு வருஷத்துக்கு முன்னால நானும் அதே பெட்டியைத்தான் நம்பினேன். என் மகள் அதில் இருந்தாள், நான் வேற வார்டில். அஞ்சு நாள் போனில் போட்டோ பார்த்தேன். தொட்டா கிருமி போயிடுமோ, நான் தூக்கினா குளிர்ந்துடுமோன்னு பயம். நிலைமை சரியானப்புறம் கங்காரு பராமரிப்பு தரலாம்னு அங்கே சொன்னாங்க, நான்தான் "இன்னும் ரெண்டு நாள் உள்ளேயே இருக்கட்டும்"னு தள்ளிப் போட்டேன். டாக்டருக்குப் படிச்ச நான்.

அந்தப் பெட்டி ஒண்ணும் சாதாரணப்பட்டது இல்லை. அது பிறந்த கதையே கோழியில்தான் தொடங்குது. 1878-ல் ஸ்தெஃபான் தார்னியே என்ற பிரசவ மருத்துவர் பாரிஸ் விலங்குக் காட்சியகத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றைப் பார்த்தார். அதைச் செய்தவரிடமே, குறைமாதக் குழந்தைகளை வைக்க ஒன்று செய்து தரச் சொல்லி, தன் மருத்துவமனையில் வைத்தார். எத்தனையோ குழந்தைகள் பிழைத்தன. சரியா நூறு வருஷம் கழிச்சு 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் ரெண்டு மூணு குழந்தைகள், தொற்று, சாவு. அங்கே எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் மார்பில் கட்டி விட்டார். இல்லாத கொடுமைக்குத்தான் ஆரம்பிச்சாங்க, மாமியார் சந்தேகம் அந்த அளவுக்குச் சரி. ஆனா 2021-ல் வெளியான, டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வில், நிலை சரியாகட்டும் என்று காத்திருக்காமல் பிறந்த உடனே தாயோடு சேர்த்து வைத்த எடை குறைந்த குழந்தைகளில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. மறு வருஷமே உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரை ஆக்கியது. நாளுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை. தானா மூச்சு விட முடியாத, வென்டிலேட்டர் தேவைப்படும் குழந்தைக்கு மட்டும் மெஷின்தான் முதலில்.

இதையெல்லாம் அந்த அம்மாகிட்ட சொல்ல முடியுமா? சொன்னேன், ஏறலை. கங்காரு படம் போட்ட போஸ்டர் சுவரில் இருக்கு. கங்காருவை அவங்க எங்கே பார்த்தாங்க? கடைசியா கேட்டேன். "வீட்டுல கோழி வளக்கிறீகளாம்மா?"

"பதினஞ்சு கிடக்கு."

"அடைக்கு உட்காந்த கோழியோட அடிவயித்தைப் பாத்திருக்கீகளா?"

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அவங்களே சொன்னாங்க. "மசுரு இருக்காது. வெறும் தோலு. அனலா இருக்கும்."

"ஏன்னு நினைக்கிறீக?"

பதில் சொல்லலை. எந்திரிச்சுப் போய் ஜன்னல் கதவைச் சாத்தினாங்க. வாசல் பக்கம் நின்ன மகனை "நீ என்னத்தடா பாத்துக்கிட்டு நிக்கிற, வெளிய போ"ன்னு விரட்டினாங்க. மருமகள் ஜாக்கெட்டை அவுக்கக் கூச்சப்பட்டப்ப, தன் சேலை முந்தானையையே மறைப்பாப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. மருமகள் குளிக்கப் போற நேரம், சாப்பிடுற நேரம் குழந்தையைத் தன் நெஞ்சில் வாங்கிக்கிட்டாங்க. அதுவும் சரிதான், வீட்டில் யார் வேணும்னாலும் செய்யலாம், அப்பாவும் செய்யலாம்.

பன்னிரண்டு நாளில் 2 கிலோ. வீட்டுக்குப் போனாங்க.

எங்க பதினோரு குஞ்சில் ஒண்ணைப் பருந்து தூக்கிட்டுப் போயிருச்சு, ஒண்ணு கீரி. மீதி ஒன்பது. பகலில் தாயோட மேயுது, சாயந்தரம் பஞ்சாரத்துக்குள்ள. ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டாச்சு, எட்டாவது வாரம் ஊசி இருக்கு. நீங்களும் கால்நடை மருந்தகத்தில் கேளுங்க. ஒவ்வொரு பிப்ரவரியிலும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடக்கும். கழிச்சல் ஒரு தடவை உள்ளே வந்தா பட்டி முழுக்கக் காலி ஆயிரும், மருந்து கிடையாது.

போன வாரம் அந்த மாமியார் குழந்தைக்குத் தடுப்பூசி போடக் கூட்டிட்டு வந்தாங்க. போகும்போது துண்டில் முடிஞ்சு ஒரு பொட்டலம் நீட்டினாங்க. 11 முட்டை. அரசு டாக்டர் வாங்கக் கூடாதும்மான்னு காசு நீட்டினேன், வாங்கலை. பொட்டலத்தை மேஜையில் வச்சுட்டுக் கிளம்பிட்டாங்க. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்னு சொன்னாங்க. "அடைக்கு வைங்க டாக்டரம்மா. பொட்டியில வச்சிராதீக."

எங்க வெள்ளைக் கோழி ரெண்டு நாளா கூடையை விட்டு நகர மாட்டேங்குது. நாளைக்கு வைக்கணும்.